தெளிந்த தண்ணீரை நம்பாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம் குடிபோன கையோடு, மூடிச் சமன்செய்த பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் ஊற்றுகளைச் சோதிக்கும் குழுவில் சேர்ந்துவிட்டாயே, சந்தோஷம். "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பிஎச் 6.3, இதற்கு மேல் என்ன பார்க்க?" என்று கேட்டிருந்தாய். (பிஎச் 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம்.) அந்தத் தெளிவில்தான் எல்லோரும் ஏமாறுவது.

மூடிய கற்குவியலுக்குள் காற்றும் நீரும் பட்டு, பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) சல்பூரிக் அமிலத்தையும் இரும்பையும் விடும். வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அமிலம் அடங்கிவிடும். இரும்போ ஃபெரஸாக, அதாவது இன்னும் முழுதாக ஆக்சிஜன் ஏறாத வடிவில் கரைந்து, நிறமே இல்லாமல் வெளியே வரும். காற்றுப் பட்டதும் காவி நிறத்தில் படியும் (அங்கே அதை 'யெல்லோ பாய்' என்பார்கள்), படியும்போது புதிதாக அமிலம் விடும். லிட்டருக்கு 1 மி.கி. ஃபெரஸ் இரும்பு, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 1.8 மி.கி. காரத்தன்மையை (அமிலத்தை அடக்கும் திறனை) தின்னும். உன் ஊற்றில் லிட்டருக்கு இரும்பு 40 மி.கி., காரத்தன்மை 60 மி.கி. என்று வைத்துக்கொள். தேவை 72, கையில் 60. ஆக, பிஎச் 6.3 காட்டினாலும் அது அமில நீர்தான். மாங்கனீசும் அலுமினியமும் இருந்தால் பற்றாக்குறை இன்னும் கூடும்.

சந்தேகமா? ஒரு குவளையில் கொஞ்சம் நீர் எடுத்து, சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, கலக்கிக் காற்றாட விடு. நிறம் மாறும். பிஎச் மளமளவென்று 4-க்குக் கீழே போனால் காரம் பற்றவில்லை என்று அர்த்தம்.

இந்த மாற்றம் பாட்டிலுக்குள்ளும் நடக்கும். கரியமில வாயு வெளியேறும், இரும்பு படியும். ஆகவே பிஎச், வெப்பநிலை, மின்கடத்துத்திறன், முடிந்தால் காரத்தன்மையும் அங்கேயே அள. அன்று காலையே மீட்டரை பிஎச் 4, 7 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்களில்) சரிபார்த்துவிடு. ஆய்வகத்துக்கு இரண்டு பாட்டில். ஒன்றை அமிலம் சேர்க்காமல், காற்றுக்குமிழி இல்லாமல், விளிம்புவரை நிரப்பு. அமிலத்தன்மையும் சல்பேட்டும் இதில். மற்றது உலோகங்களுக்கு, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே. கரைந்த இரும்பு மட்டும் வேண்டுமென்றால் முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகு அமிலம். வரிசையை மாற்றினால் மிதக்கும் துகளும் கரைந்து 'கரைந்த இரும்பு' கணக்கில் ஏறிவிடும். அமிலம் ஊற்றித் தந்த பாட்டிலை ஊற்றில் முக்கி அலசவும் கூடாது. புதிதாகச் சேருபவர்கள் செய்வதே இதுதான்! இரண்டையும் ஐஸ் பெட்டியில் வை.

சல்பேட்டை விட்டுவிடாதே; பைரைட் விட்ட சல்பூரிக் அமிலத்தின் தடயம் அது. சுண்ணாம்பு அமிலத்தை அடக்கும், சல்பேட்டைப் பெரும்பாலும் தொடாது. பிஎச் 7 இருந்தும், பக்கத்தில் தோண்டாத மலையின் ஊற்றைவிடச் சல்பேட் பல மடங்கு என்றால், அந்த நீர் சுரங்கக் கல்லுக்குள் புகுந்து வந்தது.

நீரோட்டத்தை அளக்காமல் எடுத்த நீர் மாதிரி, பாதி மாதிரிதான். கசிவுக்குக் குழாய் செருகி, 10 லிட்டர் வாளியை நிரப்பு. 25 வினாடி ஆனால் வினாடிக்கு 0.4 லிட்டர். இரும்பு 40 மி.கி. என்றால் நாளைக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஊற்று நீரைத் தேக்கி இரும்பைப் படியவிடும் குட்டை எவ்வளவு சீக்கிரம் காவிச் சேற்றால் தூரும் என்பது இந்த எண்ணில் இருக்கிறது. வசந்தகால வெள்ளத்தில் செறிவு (லிட்டருக்கு எத்தனை மி.கி.) குறைந்து, சுமை (நாளைக்கு எத்தனை கிலோ) கூடலாம். ஏப்ரலையும் செப்டம்பரையும் செறிவை மட்டும் வைத்து ஒப்பிடாதே.

குட்டையில் கரையோரம் மொள்ளாதே. உள்வாய், வெளிவாய் இரண்டிலும் எடு. சேற்றைக் கலக்கிவிட்டால் மொத்த இரும்பு பொய்யாக ஏறும். கோடையில் ஆழமான குட்டையின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, படிந்த இரும்பும் மாங்கனீசும் திரும்பக் கரையும். வெளிவாய்க் குழாய் அடிநீரை இழுக்கிறதா, மேல்நீரை இழுக்கிறதா என்று பார்த்து எழுது.

வாளிக் கணக்கோடு எண்களை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி