மூடியைத் திறந்து பற்றவை, மூடிவைத்துச் சமை

ஸ்காபரோ, கனடா,
ஜூன் 14

அன்புள்ள யோகன்,

நலம், நலமறிய ஆவல். ஏஜாக்ஸ் வீட்டுக்குக் குடிபோன செய்தியையும், பின்வளவில் நட்ட கத்தரிக் கன்றுகளும் மிளகாய்க் கன்றுகளும் மே மாதக் குளிருக்குத் தப்பிவிட்ட செய்தியையும் உன் கடிதத்தில் கண்டு எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே மகளுக்குப் பரீட்சைகள் முடிந்துவிட்டன. எனக்கு முழங்கால் நோவும் குறைந்திருக்கிறது. சொல்லும்படியான வேறு புதினம் இல்லை. ஆகவே நீ கேட்ட விடயத்துக்கே வருகிறேன்.

மாடிக்குடியிருப்பில் இருந்தவரை நிர்வாகம் அனுமதிக்காத பாபிக்யூவை, அதாவது வாயுவில் எரியும் வாட்டும் அடுப்பை, சொந்த முற்றம் கிடைத்தவுடன் வாங்கியிருக்கிறாய். சிலிண்டர் நிறைந்திருந்தும் சுடர் சிறிதாகவே எரிகிறது, மூடியிலுள்ள வெப்பமானி 250 பாகை பாரன்ஹைட்டைத் தாண்ட மறுக்கிறது, கடைக்காரர் கருவியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதே. நீ விவரித்த விதத்தைப் பார்த்தால் கருவியில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதிலுள்ள காவல் ஏற்பாடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சிலிண்டரில் கையால் திருகி இறுக்கும் பிளாஸ்டிக் மரையை நீ கவனித்திருப்பாய். குழாய் அறுந்தோ கழன்றோ வாயு திடீரெனப் பாய்ந்தால், அந்தப் பாய்ச்சலை உணர்ந்து வெகுவாகக் குறைத்துவிடும் சிறு அமைப்பு ஒன்று அந்த இணைப்புக்குள் இருக்கிறது. பர்னர் எனப்படும் எரிகுழலின் குமிழ் ஒன்று திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வை ஒரே மூச்சில் திறந்தால், வெறுமையாக இருக்கும் குழாய்க்குள் வாயு பாய்வதை அது கசிவென்றே எடுத்துக்கொண்டு, மிகச் சிறிதளவு வாயுவை மட்டும் விடுகிறது. சமைத்து முடிந்ததும் பலர் சிலிண்டரை மட்டும் மூடிவிட்டுக் குமிழ்களை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் சிலிண்டரைத் திறக்கும்போது இதே வில்லங்கம் வரும். நீ செய்யவேண்டியது இதுதான்: குமிழ்கள் எல்லாவற்றையும் மூடு, சிலிண்டர் வால்வையும் மூடு, இணைப்பைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறு. பின்பு மீண்டும் கையால் நன்றாக இறுக்கி, பாபிக்யூவின் மூடியைத் திறந்துவைத்து, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திற. குழாய் நிரம்புவதற்குச் சில வினாடிகள் கொடுத்த பிறகே முதற் குமிழைத் திருப்பிப் பற்றவை. அப்போதும் சூடு ஏறாவிட்டால்தான் வாயுவின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றரைச் சந்தேகிக்க வேண்டும்.

மூடியைத் திறந்துவைத்து என்று எழுதினேன் அல்லவா, இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லவேண்டியதன் சாரமே அந்த மூடிதான். பற்றவைக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். சமைக்கும்போது மூடியிருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்களிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூடியை மூடிவைத்துக் குமிழைத் திருப்பினால் உள்ளே வாயு தேங்கி, பொறி விழும் கணத்தில் மூடியைத் தூக்கி எறியும் வேகத்தில் ஒன்றாகப் பற்றும். புருவமும் முன்மயிரும் கருகியவர்களின் கதை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஐந்து வினாடிக்குள் பர்னர் பற்றாவிட்டால் குமிழை மூடி, மூடியைத் திறந்தபடியே விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயற்சி செய். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் வீட்டு அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்த செய்திகள் வந்தபோது, சிலிண்டரில் புரோப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்பது பற்றி நாங்கள் தொலைபேசியில் நெடுநேரம் பேசியது உனக்கு நினைவிருக்கும். இங்கே பாபிக்யூ சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் புரோப்பேன்தான். பியூட்டேன் சுழியப் பாகைக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுத்துத் திரவமாகக் கிடக்கும். புரோப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியஸ் வரை ஆவியாகும். அதனாற்றான் இந்நாட்டு மாரியிலும் சிலர் பனிக்குள் நின்று இறைச்சி வாட்டுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு குணம் பொதுவானது: காற்றைவிடப் பாரமானவை. புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ளது என்பதால் கசிந்தால் மேலே கலைந்து போகாமல் நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். உன் வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் பின்புறம் யன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பாபிக்யூவை அந்த யன்னலுக்கு அருகில் வைக்கவே வைக்காதே. அங்குள்ள சூடாக்கியின் சுடர் போதும், கசிந்து இறங்கிய வாயுவைப் பற்றவைக்க.

வீட்டுச் சுவரையும் ஒட்டிவைக்காதே. இங்குள்ள வினைல் பலகைச் சுவர்கள் நெருப்புப் பிடிக்காவிட்டாலும் சூட்டில் நெளிந்து உருகிவிடும். உன் கருவியின் கையேட்டில் குறைந்தபட்ச இடைவெளி எழுதப்பட்டிருக்கும். இடமிருந்தால் அதைவிட அதிகமாகவே விடு. நான் ஏறத்தாழ 3 மீற்றர் விட்டிருக்கிறேன். மழைக்கும் குளிருக்கும் பயந்து கராஜுக்குள் வைத்துச் சமைக்கும் எண்ணம் உனக்கு ஐப்பசி மாதமளவில் கட்டாயம் வரும். வரும்போது இந்த வரியை நினைத்துக்கொள். கதவைத் திறந்துவிட்டாலும் கார்பன் மொனொக்சைட்டு உள்ளே சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிலிண்டரையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்கக் கூடாது, உதிரிச் சிலிண்டருக்கும் அதே விதிதான். கடையிலிருந்து கொண்டுவரும்போது அதை நிமிர்த்தி, சாயாதபடி கட்டி, யன்னலைத் திறந்துவிட்டு நேரே வீட்டுக்கு வா. வெயிலில் காருக்குள் சிலிண்டரைப் பூட்டிவைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்வருபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கசிவைப் பார்க்க மூக்கை மட்டும் நம்பாதே. வாயுவுக்கு அழுகிய முட்டை மணம் சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான், ஆனால் வெளியிலே காற்று அடிக்கும்போது சிறு கசிவு தெரியாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, குமிழ்களை மூடிச் சிலிண்டரை மட்டும் திறந்துவைத்து, வால்விலும் இணைப்பிலும் குழாய் நெடுகிலும் தூரிகையால் பூசிப் பார். குமிழி ஊதிப் பெருத்தால் அங்கே கசிவு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய். பனிக்காலம் முடிந்து முதன்முதலாக எடுக்கும்போது, அணில் குழாயைக் கடித்திருக்கிறதா என்றும் பார். வாயுவின் மணம் பலமாக வந்து, சிலிண்டரை மூடியும் நிற்காவிட்டால், எல்லோரையும் அழைத்துக்கொண்டு விலகிப் போய் 911க்கு அழை. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடும் பழைய வைத்தியத்தை நீ செய்யமாட்டாய் என்று தெரியும். உன் மைத்துனர் வந்து நின்றால் அவரைப் பார்த்துக்கொள்.

இனிச் சமையல். நீ எழுதியிருந்த கோழிக் கதையை வாசித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்: வெளியே கரி, எலும்போரம் இரத்தம். மூன்று பர்னர்களையும் முழுமையாக எரியவிட்டு, கறித்தூள் அப்பிய கால்களை அவற்றுக்கு மேலேயே வைத்தால் வேறு எப்படி வரும்? எங்கள் யாழ்ப்பாணத் தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. நேர்ச்சுடரில் அது ஓரிரு நிமிடத்திலே கருகிக் கசந்துவிடும். சீனியோ தேனோ சேர்த்திருந்தால் இன்னும் வேகமாகக் கருகும். எனவே கம்பித்தட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள். முதலில் எல்லாப் பர்னர்களையும் எரியவிட்டு, மூடியை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகச் சூடேற்று. கம்பித்தட்டைச் சுத்தம் செய்தபின் ஒரு பக்கத்துப் பர்னர்களை அணைத்துவிடு. கோழியை அணைத்த பக்கத்தில் வைத்து மூடியை மூடினால், உள்ளே சுழலும் சூட்டில் அது நிதானமாக வேகும். மூடியிலுள்ள வெப்பமானி 375க்கும் 400 பாகை பாரன்ஹைட்டுக்கும் இடையில் நிற்கும்படி சுடரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டால், எலும்புள்ள தொடையும் காலும் அரை மணிநேரத்திலிருந்து முக்கால் மணிநேரத்துக்குள் பதமாகிவிடும். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் எரியும் பக்கத்துக்கு மாற்றித் தோலை மொறுகவிடு. எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் இறைச்சியில் தடவு. கீழே சொட்டும் எண்ணெய்தான் சுவாலையாக மேலே வருகிறது.

அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதுதான் கடினம். திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்ந்த சூடு முழுவதும் வெளியே போய்விடும். வெந்துவிட்டதா என்று அறிய இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கு. மூடியிலுள்ளது மேற்காற்றின் சூட்டைத்தான் காட்டும். கோழித் துண்டுகளுக்கு உட்சூடு 74 பாகை செல்சியஸ், முழுக்கோழிக்கு 82, அரைத்த மாட்டிறைச்சிக்கு 71 என்பது இந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் அளவு. பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்காதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் உதவிக்கு வரும்போது அவர்களுக்குச் சொல்.

இறாலும் கணவாயும் வேறு சாதி. அவற்றுக்கு முழுச் சூடும் சில நிமிடங்களும் போதும்; பொறுமை காட்டினால் கணவாய் இறப்பராகிவிடும். ஆட்டிறைச்சியை, என்னைக் கேட்டால், கறிக்கே விட்டுவிடு. இங்கே கிடைக்கும் கிழட்டு ஆட்டின் தொடையை எந்த நெருப்பும் மிருதுவாக்காது, செம்மறியின் விலாத்துண்டு என்றால் முயன்று பார்க்கலாம். மரக்கறிகளில் கத்தரிக்காயை மறக்காதே. முழுதாகவே நேர்ச்சுடரில் வைத்துப் புரட்டி, தோல் கருகி உள்ளே குழைந்தபின் எடுத்துச் சம்பல் போட்டால், குசினியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறாமலே ஊர்ச்சுவை கிடைக்கும். பாபிக்யூவின் பக்கத்திலுள்ள சிறு அடுப்பில் மீன் பொரிக்கலாம், வீட்டில் மணமிராது. ஆனால் அதன் தாங்குசக்தி குறைவு, பொங்கலுக்கு எடுக்கும் பெரிய கிடாரத்தை அதன்மேல் ஏற்றிவிடாதே.

துப்புரவு பற்றிச் சுருக்கமாக. கம்பித் தூரிகையை வீசிவிடு. அதிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி உணவோடு ஒட்டிப் போய்த் தொண்டையிலும் குடலிலும் குத்திச் சத்திரசிகிச்சை வரை கொண்டுபோன சம்பவங்கள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. மரச் சுரண்டி போதும். பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்திச் சூட்டோடு தேய்த்தாலும் சுத்தமாகும். கொழுப்பு வடியும் தட்டை ஒழுங்காக வழித்தெறி, அடிப்புறத்தில் அலுமினியத் தாள் விரிக்காதே. கொழுப்புத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் பர்னர்களை அணைத்து, மூடியை மூடிவைத்து, எட்டுமானால் சிலிண்டரையும் மூடு. வசந்தத்தில் முதன்முதலாகப் பற்றவைக்குமுன் பர்னர்க் குழல்களுக்குள் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார். அடைபட்ட குழலிலிருந்து வாயு பின்னோக்கி வந்து குமிழ்களுக்கு அருகில் எரியத் தொடங்கும்.

சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று கேட்டிருந்தாய். கழுத்துப்பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை பொறிக்கப்பட்டிருக்கும், அது பெரும்பாலும் 17 இறாத்தலுக்கு அருகில் இருக்கும். குளியலறைத் தராசில் நிறுத்து அதைக் கழித்தால் மீதி வாயு. 20 இறாத்தல் நிரம்பியிருந்தால், மணிக்கு 36,000 பீடியூ (வெப்ப அலகு) எரிக்கும் அடுப்பை முழுச் சுடரில் ஏறக்குறைய 12 மணிநேரம் எரிக்கலாம். வெறும் சிலிண்டரைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் சிலிண்டர்களில் பலவற்றை முழுதாக நிரப்புவதில்லை என்பதால், வாங்கிய அன்றே ஒருமுறை நிறுத்துப் பார். அதே பட்டையில் திகதியும் இருக்கும். 10 ஆண்டு கடந்திருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் இயற்கை வாயுக் குழாயிலிருந்தே இதற்கும் இணைப்பு எடுக்கலாமா என்ற யோசனையை இந்தக் கருவியோடு செய்யாதே. இரண்டு வாயுக்களுக்கும் அழுத்தமும் துளையளவும் வேறு. தயாரிப்பாளர் அதற்கென மாற்றுப் பாகங்கள் தந்தால் மட்டுமே, அதுவும் உரிமம் பெற்ற தொழிலாளரைக் கொண்டு, மாற்றலாம்.

ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறைக்குக் குடும்பமாக வருகிறோம். கோழியை முதல்நாளே தயிரிலும் தூளிலும் ஊறவைத்துக் கொண்டுவருவேன், நீ சிலிண்டரை நிறுத்துப் பார்த்து வை. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

என்றும் அன்புடன்,
தவம்