செங்கோணத்தில் சிவப்பு எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். "செங்கோணம் என்பதில் உள்ள 'செம்' சிவப்பைக் குறிக்கும், அந்தக் காலத்தில் மூலையைச் செம்மண்ணால் குறித்ததால் இப்பெயர் வந்தது" என்று. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் (அச்சில் ஊற்றிச் செய்யும் தரை ஓடு) பதிக்கும் மேஸ்திரிகள் நாங்கள். மூலை சரியா என்று பார்க்கும் மூலைமட்டம் கையில் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் போகாது. அந்த வரியைப் படித்தபோது மனம் மிகவும் சங்கடப்பட்டது.

செம்மைக்குச் சிவப்பு என்ற பொருள் உண்டு. செங்கல், செம்மண், செந்தாமரை எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் அதே செம்மைக்கு நேர்மை, ஒழுங்கு, வளையாமை என்ற பொருளும் உண்டென்பது தாங்கள் அறியாததல்ல. செங்கோல் சிவந்த கோலா? செந்தமிழ் சிவந்த தமிழா? சுவர் செங்குத்தாக நிற்கிறது என்றால் அதற்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள் என்றா பொருள்? செவ்வகமும் இந்தக் குடும்பம்தான். செங்கல்லில் நிறம் இருக்கிறது. செங்குத்தில் நிறம் இல்லை. செங்கல்லை வைத்துச் செங்குத்தாகச் சுவர் எழுப்பும் கொத்தனார் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை கொடு, கோடு, கோணு என்ற சொற்கள். எல்லாம் வளைவு. செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல். வளைந்த வாள் கொடுவாள். "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" என்கிறது குறள் (279). நேராக இருக்கும் அம்பு கொடியது, வளைந்த யாழ் நல்லது என்று அங்கே சொல்லப்படுகிறது. வளைவைச் சொன்ன 'கோடு' இன்று பள்ளிக்கூடத்தில் நேர்கோடாகிவிட்டது; சொற்கள் அப்படி நடந்து போவதுண்டு. கோணு மட்டும் மாறவே இல்லை. கோணல் மாணல், கோணவாய், கோணக்கால் என்று இன்றும் பேசுகிறோம். கொடுக்காய்ப்புளியைச் சில ஊர்களில் கோணப்புளியங்காய் என்பதும் அது சுருண்டு வளைந்திருப்பதால்தான்.

ஆகவே கோணம் என்றால் வளைவு. அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல் செம்மையாக நிற்கும் வளைவு செங்கோணம். "ஒருபால் கோடாமை" என்று சான்றோருக்குக் குறள் சொன்னது (118) மூலைக்கும் பொருந்தும். லத்தீன்காரர்களும் அதை ரெக்டஸ், அதாவது நேரானது என்றார்கள். ஆங்கில ரைட் ஆங்கிள் அந்த வழியில் வந்தது. மற்ற இரண்டு கோணங்களில்தான் அவர்கள் பார்வை வேறு. அக்யூட் என்றால் கூரானது, அப்டியூஸ் என்றால் மழுங்கியது. அவர்கள் முனையைப் பார்த்துப் பெயரிட்டார்கள்; நாம் குறுகியதா விரிந்ததா என்று திறப்பைப் பார்த்துக் குறுங்கோணம், விரிகோணம் என்றோம். கூரானது என்பதும் பொய்யில்லை. கல்லைக் குறுங்கோணமாக வெட்டினால் முதலில் உதிர்வது அந்த நுனிதான்.

இந்த ஒரு கட்டத்தோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கானாடுகாத்தான் வீடு ஒன்றின் தரைப் படத்தைப் போட்டு, 'அறுகோண நட்சத்திரம்' என்று முன்பு கீழே எழுதியிருந்தீர்கள். படத்தில் முனைகளை எண்ணினால் எட்டு. எண்ண நேரமில்லை என்றாலும் யோசித்தால் தெரியும். நான்கு கல் கூடும் மூலையில்தான் அந்த நட்சத்திரப் பூ விரிகிறது. நான்கும் ஒரே அச்சில் ஊற்றியவை, ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி வைக்கிறோம். கல்லுக்கு இரண்டு இதழ் என்றால் எட்டு. ஆறு வேண்டுமானால் கல்லுக்கு ஒன்றரை இதழ் வர வேண்டும், சதுரக் கல்லில் அது உட்காராது. அறுகோணம் தேன்கூட்டுக்குச் சரி. வளவுத் தரைக்கு (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய தரைக்கு) அல்ல.

இன்னொரு முறை, மூலை மேலே வரும்படி திருப்பிப் பதித்த கற்களைச் 'சாய்சதுர வடிவக் கற்கள்' என்று எழுதியிருந்தீர்கள். வேலையிடத்தில் நாங்கள் அதை டைமண்ட் என்போம். அது பதிக்கும் முறைக்குப் பெயர், கல்லின் வடிவத்துக்கு அல்ல. சதுரத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் சதுரம்தான். சாய்சதுரத்துக்கு நான்கு பக்கமும் சமம், மூலைகள் மட்டும் செம்மையில்லை. எங்கள் வேலையில் அப்படியொரு கல் வந்தால் அது கழிவு. 8 அங்குலக் கல்லை மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 11 அங்குலமும் இரண்டரை நூலும் வர வேண்டும் (8 நூல் ஒரு அங்குலம்). கல் ஊற்றும் இரும்புச் சட்டம் கோணிவிட்டால் நான்கு ஓரமும் சரியாக 8 அங்குலம் இருக்கும், ஆனால் ஒரு மூலைவிட்டம் 11 அங்குலமாகவும் மற்றது 11 அங்குலம் 5 நூலாகவும் நிற்கும். மூலை 90 பாகையிலிருந்து 87க்கு இறங்கியிருக்கும். ஓரத்தை மட்டும் அளப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நாலாவது கல் வைக்கும்போது சந்து பிளந்து நிற்கும். சாய்சதுரம் என்ற சொல்லின் பொருள் எங்களுக்கு அந்தச் சந்து.

அறையையும் அப்படித்தான் பார்க்கிறோம். ஒரு சுவர் ஓரமாகக் கயிறு பிடித்து 3 அடி, அடுத்ததில் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம். குறுக்களவில் 2 நூல், அதாவது கால் அங்குலம் பிசகினால் கோணம் ஏறக்குறைய அரைப் பாகை விலகும். கேட்க அற்பமாக இருக்கும். 20 அடி ஓடிய பிறகு எதிர்ச் சுவரோரம் 2 அங்குல ஆப்பு விழும். ஒரு முனையில் முழுக் கல்லும் மறு முனையில் கீறிய கல்லுமாகப் பதிக்க வேண்டிவரும். அதனால் பட்டாலை (வீட்டுக் கூடம்) போன்ற நீண்ட இடங்களில் 3, 4, 5 போதாது; 9, 12, 15 அடி பிடிப்போம். அதே கால் அங்குலப் பிசகுக்கு அந்த 2 அங்குல ஆப்பு அப்போது முக்கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால் அந்த அறை செவ்வகம் இல்லை, இணைகரம். தங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகிறார்கள்.

அரசியல் செய்தியிலும் இது தொடர்கிறது. ஒரு கட்சி நேர் எதிராகத் திரும்பிவிட்டது என்பதற்கு '360 டிகிரி மாறியது' என்கிறீர்கள். 360 திரும்பினால் நின்ற திசையிலேயே நிற்கும். எதிர்த்திசைக்கு 180.

ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் அது எத்தனை காலம் நிற்கும் என்பதற்குத் தங்கள் மாணவர் முக்கோணவியலில் படிக்கும் 'சைன்' என்ற சொல் சாட்சி. ஆரியபட்டர் 499இல் அதற்கு வைத்த பெயர் அரை நாண். வில்லும் நாணும் நம் பாடநூல் வட்டத்தில் இன்னும் இருக்கின்றன. நாண் என்ற பொருளுள்ள ஜ்யா, ஜீவா அரபியில் ஜீபா ஆயிற்று. உயிரெழுத்துப் போடாமல் எழுதியதை ஜைப் என்று, சட்டை மடிப்பாகப் படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் அந்த மடிப்பையே சைனஸ் என்றார்கள். நாண் அறுந்து மடிப்பு நிலைத்துவிட்டது. செம்மண் கதையும் பிள்ளைகள் நோட்டில் அப்படி நிலைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் தங்கள் பத்திரிகையை நம்பி வெட்டி ஒட்டுகிறார்கள்.

வரும் ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு கட்டத்தில், செங்கோணத்தின் 'செம்' செம்மையைக் குறிக்கிறது என்று ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். இடமிருந்தால் பக்கத்திலேயே ஒரு சதுரமும் ஒரு சாய்சதுரமும் வரைந்து மூலைவிட்டங்களின் அளவைக் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் மேஸ்திரி ஒருவர்,
காரைக்குடி