பிரஷர் சரி, விரல் நுனியைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்பு நெருங்குகிறது. மழையோடு எலிக்காய்ச்சலும் வரும். மட்டக்களப்பில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். படுவான்கரை விவசாயக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடும் தொற்றோடு வார்டுக்கு வந்தவருக்கு அடுத்த நாள் முகமும் கைகாலும் வீங்கிவிட்டால் சொந்தக்காரர் கேட்பது ஒன்றுதான்: "மிஸ்ஸி, சேலைன் ஏத்தி ஏத்தித்தானே இப்படி வீங்கினது?" அளவு மிஞ்சினால் சேலைனும் கெடுதிதான், மறுக்கவில்லை. ஆனால் வீக்கத்தின் மூலகாரணம் வேறு. கிருமியை எதிர்க்கும் உடம்பின் வேகமே கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே கெடுக்கும் நிலைதான் செப்சிஸ். அதில் மிக மெல்லிய இரத்தக் குழாய்களின் உட்படலம் சிதைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. உள்ளே இரத்தம் சின்னச் சின்னக் கட்டிகளாக உறைந்து வழியை அடைக்கிறது. வெளியே உடம்பு வீங்கியிருக்கும், குழாய்க்குள்ளே நீர் போதாது. அதனால்தான் அந்த நேரத்தில் சேலைன் தேவைப்படுகிறது. எலிக்காய்ச்சல் கிருமி தாக்குவதும் இந்தக் குழாய்களைத்தான். சிலருக்கு நுரையீரலுக்குள் இரத்தம் கசிவது அதனால்தான்.

"பிரஷர் நல்லா இருக்காம்" என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. உன்னிச்சைக் குளத்துப் பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்போதே கடைசி வயல் காய்ந்து கிடக்கலாம். பிரஷர் காட்டுவது அந்தப் பெரிய வாய்க்காலை, அதாவது பெரிய இரத்தக் குழாய்களை மட்டும்தான்.

கடைசி வயலைப் பார்க்க விரல் நுனி இருக்கிறது. நுனியை 10 வினாடி நன்றாக அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடத்தில் பழைய நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும். குளிரில் கை விறைத்திருந்தாலும் தாமதமாகும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. முழங்காலில் படரும் நிறம் மாறிய திட்டுகளையும் வைத்தியர்கள் பார்ப்பார்கள், ஆனால் நம் தோல் நிறத்தில் அவை எளிதில் தெரியாது. 2019இல் வெளியான தென்னமெரிக்க ஆய்வொன்றில் செப்சிஸ் முற்றிய 424 நோயாளிகளில் ஒரு பாதிக்கு இந்த விரல் சோதனையையும், மறு பாதிக்கு இரத்தத்தின் லக்டேட் (உறுப்புகளுக்கு இரத்தம் போதாதபோது கூடும் ஒரு பொருள்) அளவையும் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். விரலைப் பார்த்த பக்கத்தில் இறப்பு குறைவு, என்றாலும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் போதவில்லை. மெஷின் எதுவும் வேண்டாத சோதனை, கிராமத்து ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சலம் போவதையும் பேச்சையும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்றால் பனடோலோடு படுக்க வைக்காதீர்கள். சலம் குறைந்தாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம், வயல் மண்ணிலிருந்து மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு கிருமிநோய் தொற்றி அதுவும் செப்சிஸாக மாறலாம்.

முன்தடுப்பாக வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையைப் பற்றி உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கள். அது எலிக்காய்ச்சலுக்குத்தான், எல்லாக் காய்ச்சலுக்கும் அல்ல.

பெரும்போக ஆரம்பக் கூட்டங்களுக்கு முன்பே இதைப் பிரசுரித்தால், கமக்கார அமைப்புகள் அங்கே வாசித்துக் காட்ட உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கொக்கட்டிச்சோலை.