அடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. தங்கச்சி போனில் உன் படங்களைக் காட்டினாள். கேமரன் மலைக் காடு, கூடாரம், வாசலில் அடுப்பு. பிள்ளை காட்டிலேயே சமைத்துச் சாப்பிடுகிறான் என்று கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுப்பைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறாயே, காற்றுக்கா? கேஸ் டப்பாவின் தலையில் உட்காரும் அடுப்புக்கு அப்படிச் சுற்றி மறைக்கக் கூடாது ஐயா. சூடு போக வழியில்லாமல் டப்பாவில் இறங்கினால் வெடித்துவிடும். காற்று வரும் பக்கம் மட்டும் மறை. டப்பா சுட ஆரம்பித்தால் உடனே அணை.

வீடு வீடாகக் கேஸ் தோம்பு, அதான் சிலிண்டர், தூக்கிப் போட்டவன் சொல்கிறேன். 14 கிலோ தோம்போ உன் கைக்குள் அடங்கும் டப்பாவோ, சரக்கு ஒரே சாதிதான். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுக்கும். நீ தலை வைக்கிற உயரத்தில். அதற்காவது நாற்றம் உண்டு. கூடாரத்துக்குள் அடுப்பெரித்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு அதுவும் கிடையாது. தலை சுற்றும், தூக்கம் வரும், எழுந்திருக்க மாட்டாய். மழை கொட்டினாலும் உள்ளே பற்றவைக்காதே. பிஸ்கட் தின்றுவிட்டுப் படு. கூட ஓர் ஆள் இருந்தாலாவது தட்டி எழுப்பும்.

நேப்பாளம் போகிறாய் என்று தங்கச்சி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எங்களிடம் சொல்ல உனக்கு நேரமில்லை, இருக்கட்டும். மேசையில் வைத்துக் கொதிக்கவிட்டுச் சாப்பிடும் ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் நீள டப்பாவை நம்பிப் போகாதே. அதில் பெரும்பாலும் பியூட்டேன். நம் ஊர்ச் சூட்டுக்கு நன்றாக எரியும். பூஜ்யம் டிகிரி பக்கம் போனால் ஆவியாகாமல் நின்றுவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டப்பா கேட்டு வாங்கு. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், விமானத்தில் பெட்டியிலும் விடமாட்டார்கள், கையிலும் விடமாட்டார்கள். பவர்பேங்க் மட்டும் கைப்பையில்.

விளக்கு விஷயம். கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டித்தான் பாட்டி இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரியும். கத்தியும் கையும் மரத்தில் இருக்கணும், வெளிச்சம் தலையோடு வரணும். நீயும் தலைவிளக்கே வாங்கு. வெளிச்சத்தை அளக்கும் லூமன் எண்ணைக் காட்டிக் கடைக்காரன் ஏமாற்றுவான். மங்கலாக வைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேள். மழை தாங்குமா என்றும் கேள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ராத்திரி தூங்கும் பைக்குள் போட்டுக்கொள். இரண்டு விளக்காக வாங்கு, ஒன்று கெட்டால் ஒன்று.

போன வருஷப் படங்களில் இரண்டு கோப்பை இருக்கும். இதில் ஒன்றுதான். அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அந்த வீட்டார் பசாரில் பார்த்தால் இப்போதும் நின்று பேசுகிறார்கள், அது போதும்.

மறுபடியும் சொல்கிறேன், கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நாளையும் தங்கச்சிக்காவது எழுதி அனுப்பு. அம்மாவுக்கு இந்த வாரம் போன் பண்ணு. நான் எழுதினேன் என்று சொல்லாதே.

அப்பா