தொண்டு நிறுவன அலுவலகம்: வாடகையை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளர்ந்துவரும் தொண்டு நிறுவனங்கள் இடம் தேடும்போது முதலில் வாடகையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன், அங்கே யார் யார் வந்துபோக வேண்டும் என்று கணக்கெடுக்க வேண்டும். இப்போதைய அலுவலக வாசலில் ஒரு மாதம் பதிவேடு வையுங்கள். வருகிறவர் பயனாளியா, பணியாளரா, எங்கிருந்து, எதில் வந்தார் என்பது தெரிந்தால் போதும். பயனாளிகளே அதிகம் என்றால் அவர்களின் பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் அலுவலகம். பெரும்பாலோர் களப்பணியாளர்கள் என்றால், ஊழியர் பட்டியலைப் பார்த்து மேசை போடாமல், கூட்டம் அதிகமான நாளில் உள்ளே இருப்பவர்களைக் கணக்கிட்டு இடம் எடுக்கலாம். ஆனால் ஆலோசனை அறைக்கு மட்டும் சுவர் கூரைவரை எழும்பியிருக்க வேண்டும். பாதித் தடுப்புக்குப் பின்னால் யாரும் தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பிடித்த கட்டடத்துக்குக் காலை நெரிசலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை பேருந்திலேயே போய்ப் பாருங்கள். டேப்பையும் எடுத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 1:12 சரிவில், அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்ற கணக்கில், அமைய வேண்டும். வாசற்படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர் நீளம் தேவை. முன்னால் அவ்வளவு இடம் இல்லாத கட்டடத்தில், "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சு பேச்சாகவே நின்றுவிடும். கழிவறையில் சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

பெரிய அடி விழுவது ஒப்பந்தத்தில்தான். 3 ஆண்டு மானியத்தை நம்பி, இடையில் வெளியேற முடியாத 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டால், கடைசி 2 ஆண்டு வாடகை, எந்தத் திட்டத்துக்கும் என்று ஒதுக்கப்படாத நிறுவனத்தின் பொதுநிதியின் தலையில் விழும். திரட்டுவதற்கு மிகக் கடினமான பணம் அதுதான். வெளியேற முடியாத கட்டாயக் குத்தகைக் காலம் மானியக் காலத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் 3 மாத அறிவிப்பில் காலிசெய்யும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் முன்பணம் கணக்கில் செலவல்ல, சொத்து. திட்டச் செலவில் அதைக் காட்ட முடியாமல் பலர் திண்டாடுகிறார்கள். அதற்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆட்கள் கூடுவார்கள் என்று இப்போதே இரு மடங்கு இடம் எடுக்கவும் வேண்டாம். பக்கத்து அறை காலியானால் முதலில் நமக்கே தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நன்கொடையாளர் இலவசமாகத் தரும் இடமாக இருந்தாலும் காலவரையுடன் ஒப்பந்தம் எழுதுங்கள். திடீரெனக் காலிசெய்ய நேர்ந்தால் பதிவுச் சான்று, வங்கி, வரி என எல்லா இடத்திலும் முகவரியை மாற்ற வேண்டியிருக்கும்.