லண்டனுக்கு வந்த ட்ராகுலா

மதுரை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், இன்னும் ஒன்றும் அமையவில்லை.

போன வாரம் மகன் 'ட்ராகுலா ஏ.டி. 1972' படத்தைப் போட்டுக் காட்டினான். ஹாமர் கம்பெனி எடுத்தது. ரத்தம் குடிக்கும் ட்ராகுலாவாகக் கிறிஸ்டோபர் லீ, அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். தொடக்கம் அட்டகாசம். 1872, லண்டன் ஹைட் பார்க். ஓடுகிற குதிரை வண்டி மேல் இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். வண்டி மோதி, உடைந்த சக்கரத்தின் ஆரக்கால் ட்ராகுலாவின் நெஞ்சில் ஏறுகிறது. 100 வருடம் கழித்து ஒரு வாலிபக் கூட்டம் பாழடைந்த சர்ச்சில் சடங்கு நடத்தி அவனை எழுப்பிவிடுகிறது.

சரி, பஸ்ஸும் காரும் ஓடுகிற லண்டனில் இவன் என்ன செய்யப்போகிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், ஆள் சர்ச்சை விட்டு நகரவே இல்லை! இரையை அங்கேயே கொண்டுவந்து தருகிறார்கள். நூறு வருடம் தாண்டி வந்தவனைத் தெருவில் ஒரு நடை நடக்க விட்டிருக்கக் கூடாதா?

குஷிங்கைப் பார்க்கத்தான் மனசு கஷ்டமாக இருந்தது. 1971இல் மனைவி இறந்த துக்கத்தில் மனிதர் உருக்குலைந்திருக்கிறார். கதாநாயகிக்கு அப்பா என்று எழுதிய வேடத்தைத் தாத்தாவாக மாற்றினார்களாம். ஆனாலும் படத்தைத் தாங்குவது அவர்தான்.

இந்த ட்ராகுலாவுக்கு மூலம், பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவல். அதுவே அன்றைக்குச் சமகாலக் கதைதானே. அதில் வரும் டாக்டர் நாட்குறிப்பை ஃபோனோகிராஃபில் பேசிப் பதிகிறார், மினா என்கிற பெண் டைப்ரைட்டரில் தட்டுகிறாள், ட்ராகுலா கடித்த அவள் தோழி லூசிக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். ட்ராகுலாவும் லேசுப்பட்டவன் இல்லை. ரயில்வே அட்டவணை படிக்கிறான், வக்கீல் வைத்து வீடு வாங்குகிறான், தான் படுத்துறங்க 50 பெட்டி சொந்த ஊர் மண்ணைக் கப்பலில் கொண்டுவருகிறான். பட்டப்பகலில் பிக்காடிலியில் நிற்கிறான். பயமே அதில்தான் இருக்கிறது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒருவன் இடம் வாங்குகிறான் என்று வைத்துக்கொள். பத்திரம், பட்டா எல்லாம் சுத்தம். தரகருக்குப் பேசியதற்கு மேலேயே கமிஷன். ராத்திரியில் லாரி லாரியாக மண் வந்து இறங்கும். கிராவல் அடிக்கிறான் போல என்று நாம் பாட்டுக்குத் தூங்கிவிடுவோம். வீட்டார் அழைத்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்பது நாவலில் அவனுக்குள்ள கட்டு. நம்மூரில் அதெல்லாம் ஒரு கட்டா? வாசலில் நிழல் தெரிந்தாலே, "வாங்க, வாங்க, ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்று காபியும் போட்டுவிடுவோம்.

ட்ராகுலாவை விரட்டச் சிலுவைக்குப் பதில் இங்கே யார் என்று மகன் கேட்டான். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறாரே! அவர் முன்னால் நின்று, "நான் மனுஷன்தான்" என்று சத்தியம் செய்யச் சொன்னால் ட்ராகுலா என்ன செய்வான்? இதை எவனாவது படமாக எடுக்கணும்.

நீ வரும்போது சேர்ந்து பார்ப்போம். எந்த வண்டி என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன். தங்கச்சியையும் கூட்டிவா.

அன்புடன்,
உன் பங்காளி