கோலைக் கைவிடப் பழகுதல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கை குணமாகிவிட்டதா, மறுபடியும் பனிச்சறுக்குக்குப் போனாயா என்று இரண்டே கேள்விகள் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு அன்றே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டாவதற்கு, சரிவில் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. சென்ற வாரம் நான்கு நாள் இறங்கிவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தை வலக்கையாலேயே, இடையில் ஓய்வெடுக்காமல் எழுதுகிறேன் என்பதே நான் உனக்குத் தர விரும்பும் முதல் செய்தி.

நான் விழுந்தேன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி விழுந்தேன் என்பதை இதுவரை யாருக்கும் விரிவாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. மாலை நேரம், பனி இளகிக் கூழாகக் கிடந்தது, நாம் இருவரும் முதன்முதலில் திருப்பம் எடுக்கக் கற்றுக்கொண்டதைப் போன்ற சாதுவான சரிவு, வேகமும் இல்லை. காலில் மாட்டிய சறுக்குப் பலகையின் விளிம்பு எங்கோ மாட்டியது. கையை முன்னால் ஊன்றினேன். ஊன்றிய கையில் சறுக்குக் கோல் இருந்தது. உள்ளங்கை பனியில் படுவதற்கும் கோலின் பிடி பெருவிரலைச் சுட்டுவிரலிலிருந்து விலக்கி வெளிப்புறமாக நெம்புவதற்கும் இடையில் நேரமே இல்லை. முழங்காலுக்கு ஒன்றுமில்லை, தோளுக்கு ஒன்றுமில்லை. எழுந்து நானே கீழே வந்து சேர்ந்தேன். சுளுக்கு என்று நினைத்துப் பனிக்கட்டி வைத்துக்கொண்டு படுத்தேன். நான்காம் நாள் காலையில் சாவியைப் பூட்டில் திருப்ப முடியவில்லை. விரல்கள் சாவியைப் பிடித்தன, ஆனால் பெருவிரல் எதிர்த்து நிற்காமல் அப்படியே சாய்ந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, ஓய்வு போதும் என்று அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து இன்னொருவர் என் இரண்டு பெருவிரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் மெல்ல வளைத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஓர் எல்லையில் நின்றது; வலப்பக்கத்தில் அந்த எல்லையே இல்லை. அந்த ஒரு நிமிடச் சோதனைதான் என் கையைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெருவிரலின் அடிமூட்டில், சுட்டுவிரலைப் பார்த்த பக்கத்தில், மூட்டை இழுத்துப் பிடிக்கும் ஒரு நார் இருக்கிறது; மருத்துவர்கள் அதை லிகமென்ட் என்பார்கள். எனக்கு அது முழுதாக அறுந்திருந்தது. பனிச்சறுக்கில் இது அடிக்கடி நேர்வதால் சறுக்குவோரின் பெருவிரல் என்றே இதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் வேட்டைக்காடுகளைக் காத்தவர்கள் முயல்களின் கழுத்தைத் திரும்பத் திரும்ப முறித்ததால் அதே நார் நாளடைவில் தளர்ந்துபோவதை 1955இல் காம்ப்பெல் என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நேர்ந்தது எனக்கு ஒரு நொடியில் நேர்ந்தது.

அறுந்த நார் தானே ஒட்டிக்கொள்ளாதா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். 1962இல் ஸ்டேனர் என்ற சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் அது ஏன் ஒட்டாமல் போகிறது என்பதை விளக்கினார். பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் தசையிலிருந்து ஒரு மெல்லிய தகடு இந்த நாரின்மேல் போர்வையாகப் படர்ந்திருக்கிறது. விரல் வேகமாக விலகும்போது அறுந்த முனை அந்தப் போர்வைக்கு வெளியே வந்து, மேலே மடிந்து நின்றுவிடுகிறது. எலும்பு ஒருபுறம், நார் மறுபுறம், நடுவில் இந்தத் தகடு. எத்தனை மாதம் மாவுக்கட்டுப் போட்டாலும் இரண்டும் தொட்டுக்கொள்ளவே முடியாது. அல்ட்ராசவுண்டில் என் கையில் அதுவே தெரிந்தது. இன்னும் பல வாரம் தள்ளிப்போட்டிருந்தால், சுருங்கிய நாரை இழுத்துத் தைக்க இயலாமல் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்த வேண்டிவந்திருக்கும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள், நான் விழித்தேயிருந்தேன். எலும்பில் நங்கூரம் போன்ற சிறு பொருள் ஒன்றைப் பதித்து, அதிலிருந்த நூலால் நாரை அதன் இடத்தில் கட்டினார்கள். வெட்டிய இடத்தின் குறுக்கே உணர்வு நரம்பின் கிளைகள் ஓடுவதால் பெருவிரலின் முதுகில் ஒரு சிறு திட்டு இன்றும் மரத்தே இருக்கிறது; அது பழகிவிட்டது. நான்கு வாரம் மாவுக்கட்டு, அதன்பின் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி. இயன்முறை மருத்துவர் கொடுத்த களிமண் போன்ற பசையை நாளுக்கு மூன்று வேளை பிசைந்தேன். விரல் மடங்குவது விரைவில் திரும்பியது. கிள்ளிப் பிடிக்கும் வலிமைதான் மிக மெதுவாக வந்தது. பன்னிரண்டாம் வாரம் அளந்தபோது அது இடக்கையின் முக்கால் பங்கைத் தொட்டிருந்தது. தாங்கி அணிந்து சறுக்கலாம் என்று அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் பனிக்காலம் முடிந்துவிட்டதால் அடுத்த பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்தக் காத்திருப்பு ஒருவகையில் நல்லதாயிற்று, ஏனென்றால் விரல் குணமானபிறகும் எனக்குள் குணமாகாத ஒன்று இருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். மாடிப்படியில் கால் லேசாக இடறினாலே வலக்கை இறுக மூடிக்கொண்டது. பிடியில் எதுவும் இல்லாதபோதும் மூடியது. சரிவில் அன்று நடந்ததும் இதேதான். விழும்போது கோலை விட்டிருந்தால் எனக்கு இந்தக் காயமே இல்லை. விழும்போது கையிலிருப்பதை இறுக்கிப் பிடிப்பது உடலின் இயல்பு, அந்த இயல்புதான் நாரை அறுத்தது. ஆகவே வலிமையைச் சேர்ப்பதோடு கையைத் திறக்கவும் பழக வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

முதல் நாள் கோல்களை எடுத்துச்செல்லவே இல்லை. பூட்ஸின் கொக்கிகளை மாட்டுவதே அன்றைய மிகக் கடினமான வேலையாக இருந்தது. பெருவிரலின் முழு வலிமையையும் கேட்கும் வேலை அது, கடைசிக் கொக்கிக்கு இடக்கையைத் துணைக்கு அழைத்தேன். விரல்கள் பிரிந்த கையுறைக்குள் தாங்கி நுழையாததால் விரல்கள் ஒன்றாக இருக்கும் பெரிய கையுறையை அணிந்தேன். தழும்பு குளிரை இப்போது முன்னதாகவே உணர்கிறது. அந்தக் கையுறை வெப்பத்தையும் நன்றாகக் காத்தது. தொடக்கநிலைச் சரிவில் வெறுங்கையோடு இறங்கியபோது, இத்தனை ஆண்டுகளாகச் சமநிலைக்கென்று கோல்களை எவ்வளவு சார்ந்திருந்தேன் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. திருப்பத்தை நடத்துவது பாதங்களும் பூட்ஸின் நாக்கில் சாயும் கணுக்காலும்தான். கோல் தாளம் கொடுக்கிறது, சமதளத்தில் தள்ள உதவுகிறது, அவ்வளவே. ஆஸ்திரியாவின் பனிச்சறுக்கு முன்னோடி ஸ்டார்ஸ்கி ஒரே ஒரு நீண்ட கோலை வைத்துக்கொண்டு லிலியன்ஃபெல்ட் மலைச்சரிவுகளில் எத்தனையோ பேருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரே 1916இல் மலையிலிருந்து சரிந்து விழுந்த பனியில் சிக்கி உடலில் பல இடங்களில் எலும்புகள் முறிந்து, பின்னர் தானே வகுத்துக்கொண்ட பயிற்சிகளால் மீண்டும் பலகைகளின்மேல் ஏறினார். என் ஒரு விரலை அதோடு ஒப்பிடுவது தகாது. ஆனாலும் அன்று அவரை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கோல்களை எடுத்தேன், மணிக்கட்டில் வாரை மாட்டாமல். வார் இருந்தால் நாம் விட்டாலும் கோல் நம்மை விடாது. ஆனால் வாரைக் கழற்றிவிட்டால் மட்டும் விரல் தப்பித்துவிடும் என்று நினைக்காதே. கை திறந்தால்தான் தப்பிக்கும். எனவே சமதளத்துக்குப் பக்கத்தில், மிருதுவான பனியில், வேண்டுமென்றே விழுந்து பழகினேன். சாயத் தொடங்கும் கணத்தில் கோல்களை எறிவது, கைகளை ஊன்றாமல் மார்புக்கு முன் வைத்துக்கொள்வது, இடுப்பின் பக்கமாகச் சாய்வது. முதல் பத்து முறையும் கை திறக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் என் கை என் சொல் கேளாதிருப்பதைப் பார்க்க உண்மையிலேயே அச்சமாக இருந்தது. அதன்பின் எப்போது திறக்கத் தொடங்கியது என்று தெரியவில்லை. மாலைக்குள் முப்பது, நாற்பது முறை விழுந்திருப்பேன்.

மூன்றாம் நாள் நடுத்தரச் சரிவில், நிழல் விழுந்து பனி இறுகிய ஒரு திருப்பத்தில், கீழ்ப்பலகை வழுக்கி விழுந்தேன். சறுக்கிக்கொண்டே போய் நின்றதும் முதலில் கையைப் பார்த்தேன். இரண்டு கைகளும் மார்பருகே இருந்தன. வலக்கைக் கோல் நான்கைந்து மீட்டர் மேலே, பனியில் தனியாகக் கிடந்தது. அதை எப்போது விட்டேன் என்று எனக்கு நினைவே இல்லை. நண்பா, அந்தக் கோலைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் எழாமலே உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து வந்த ஒருவர் நின்று, அடிபட்டுவிட்டதா என்று கேட்கும்வரை.

நான்காம் நாள் நண்பகலுக்கு முன்பே நிறுத்திக்கொண்டேன். வலியில்லை, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. என் விபத்து நாளின் கடைசிச் சறுக்கலில்தான் நடந்தது என்பதை நான் மறக்கவில்லை.

உன் மகள் இந்தப் பருவத்தில் கற்கத் தொடங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். முதல் சில நாள்கள் அவளுக்குக் கோல் கொடுக்காதே. கொடுக்கும்போது, பிடிப்பதற்கு முன் எறிவதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடு. நாம் கற்றபோது நமக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவள் விழுந்து எழுந்து பெருவிரல் வலிக்கிறது என்று சொன்னால், எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாமல், இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் அந்த வாரத்துக்குள்ளேயே அழைத்துப் போ. அவளுடைய முதல் நாள் எப்படிப் போயிற்று என்று விவரமாக எழுது. உன் முழங்காலைப் பற்றியும் எழுது. போன கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

அன்புடன்,
உன் நண்பன்